ரோட் ராஷையும் ஐ.ஜி.ஐ-யையும் பூட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: பழைய கணினி விளையாட்டுகளின் உரிமையைக் கையில் வைத்திருக்கும் நிறுவனங்களும், எந்த விளையாட்டுக்கு ரீமேக் (பழையதை இன்றைய கணினிக்குப் புதிதாகச் செய்து வெளியிடுவது) வரும், எதற்கு வராது என்று முடிவு செய்கிறவர்களும்.

இந்த வருடம் காணும் பொங்கல் அன்று தருமபுரியில் இருக்கும் என் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நான்கு பேர் உட்கார்ந்திருந்தோம். ஒருவன் ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிறான், இரண்டு பேர் பெங்களூரு, நான் இங்கேயே. பள்ளிக்கூட நாட்களில் ஒன்றாக விளையாடிய ஒரு பழைய போர் விளையாட்டின் புதுப் பதிப்பை ஆளுக்கொன்று காசு கொடுத்து வாங்கியிருந்தோம், நான்கு சிஸ்டத்திலும் முந்தின நாள் இரவே ஏற்றி வைத்திருந்தேன், நெட்வொர்க் ஸ்விட்சில் நான்கு கேபிளும் சொருகியாகிவிட்டது. திறந்து பார்த்தால் லேனில், அதாவது நெட் இல்லாமல் கேபிளால் சிஸ்டங்களை இணைத்து விளையாடும் வழியையே எடுத்துவிட்டிருந்தார்கள். பக்கத்து நாற்காலியில் இருப்பவனோடு விளையாடக்கூட ஆளுக்கொரு கணக்குத் தொடங்கி, எங்கோ இருக்கும் சர்வர் வழியாகப் போய்வர வேண்டுமாம். அன்று காலையிலிருந்தே எங்கள் தெருவில் நெட் இல்லை. வருடத்துக்கு ஒருமுறை கிடைக்கும் அந்த ஒரு நாள் அப்படியே போய்விட்டது.

சாயங்காலம் நெட் வந்ததும் பழைய பதிப்பையாவது வாங்கலாம் என்று தேடினேன், விற்பனையிலிருந்தே தூக்கிவிட்டார்கள். வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். ஆறு நாள் கழித்து, அந்த வசதியைச் சேர்க்கும் எண்ணம் தற்போது இல்லை என்று ஒற்றை வரி வந்தது. எந்த நிறுவனம் என்று நான் இங்கே சொல்லப்போவதில்லை, ஏனென்றால் உங்களில் பலர் இதே வழியில்தான் போய்க்கொண்டிருக்கிறீர்கள். இந்த மடல் உங்கள் எல்லோருக்கும்தான்.

எங்களை உங்களுக்குத் தெரியாது. எப்படித் தெரியாமல் போனது என்பதிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

நான் பிறந்து வளர்ந்தது காவேரிப்பட்டினம். 2004, 2005 வாக்கில் சனிக்கிழமையானால் டவுன் பஸ் ஏறி கிருஷ்ணகிரிக்கு வந்துவிடுவோம். ரவுண்டானாவிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு மாடியில் பிரௌசிங் சென்டர், ஒரு மணி நேரத்துக்கு இருபது ரூபாய். நாலு பேர் ஐந்து ஐந்து ரூபாய் போட்டு ஒரு சிஸ்டத்தின் முன்னால் நெருக்கியடித்து உட்காருவோம், தோற்றவன் எழுந்து அடுத்தவனுக்கு இடம் விட வேண்டும் என்பது சட்டம். அங்கே இருந்த எல்லா சிஸ்டத்திலும் பைக் பந்தயமான ரோட் ராஷ் இருந்தது, ஒளிந்து போய்ச் சுடும் ஐ.ஜி.ஐ இருந்தது, ஜி.டி.ஏ வரிசையின் வைஸ் சிட்டி இருந்தது. எல்லாமே காப்பி சி.டி. ஒரிஜினல் பெட்டியை நான் அந்த வயதில் கண்ணால் பார்த்ததே கிடையாது. கிருஷ்ணகிரியிலோ தருமபுரியிலோ அதை விற்ற கடை எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை, இருந்திருந்தாலும் அந்த விலை எங்கள் வீட்டின் ஒரு மாத மளிகைச் செலவாக இருந்திருக்கும். காப்பி போட்டது சரி என்று நான் வாதாடவில்லை. நடந்தது இதுதான் என்று மறைக்காமல் சொல்கிறேன்.

அதனால் என்ன ஆனது என்றால், நாங்கள் ஆயிரக்கணக்கான மணி நேரம் விளையாடியது உங்கள் விற்பனைக் கணக்கில் ஒரு பைசாவாகக்கூட ஏறவில்லை. இன்று எந்தப் பழைய விளையாட்டை மறுபடியும் செய்யலாம் என்று நீங்கள் மேசை போட்டுப் பேசும்போது அந்தக் காலத்தில் எது எங்கே எத்தனை விற்றது என்ற ஏட்டைத்தானே புரட்டுவீர்கள்? அதில் அமெரிக்கா இருக்கும், ஐரோப்பா இருக்கும், ஜப்பான் இருக்கும். காவேரிப்பட்டினமும் பாலக்கோடும் அரூரும் ஊத்தங்கரையும் இருக்காது. எங்கள் ஊர்ப் பையன்கள் உயிரைக் கொடுத்து விளையாடிய விளையாட்டுகள் உங்கள் பட்டியலில் மேலே வராமல் போனதற்கு இதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

ரோட் ராஷையே எடுத்துக்கொள்ளுங்கள். 1991-ல் செகா ஜெனிசிஸ் என்ற டி.வி. விளையாட்டுக் கருவியில் வந்தது, நாங்கள் விளையாடிய கணினிப் பதிப்பு 1996-ல் வந்தது. நாபா வேலியும் சியரா நெவாடாவும் பசிபிக் ஹைவேயும் உலக வரைபடத்தில் எங்கே இருக்கின்றன என்று எங்களில் ஒருவனுக்கும் தெரியாது, ஆனால் எந்த வளைவில் போலீஸ்காரன் பின்னால் வருவான், எந்த மேட்டில் வண்டி பறக்கும், பக்கத்தில் வருபவன் கையிலிருந்து சங்கிலியை எப்போது பிடுங்க வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வோம். எங்களுக்குக் கிடைத்த சி.டி.யில் இடம் பற்றாது என்று வீடியோக்களையும் பாட்டையும் வெட்டியிருந்தார்கள். அந்த விளையாட்டில் சவுண்ட்கார்டன் குழுவின் பாட்டெல்லாம் உண்டு என்று எனக்குப் பத்து வருடம் கழித்துத்தான் தெரிந்தது. இவ்வளவு நாள் விளையாடியும் ரோட் ராஷை முழுசாக நான் இன்னும் பார்க்கவில்லை. இன்று காசு கொடுத்து வாங்கத் தயாராக இருக்கிறேன், நீங்கள் விற்கத் தயாராக இல்லை. அந்தக் கணினிப் பதிப்பை முறையாக வாங்குவதற்கு எந்த டிஜிட்டல் கடையிலும் எனக்கு வழி கிடைக்கவில்லை. இருபது வருடத்துக்கு மேலாகப் புதிதாக ஒரு ரோட் ராஷும் வரவில்லை. அந்த ஏக்கத்தில்தான் வேறொரு சிறிய குழு ரோட் ரிடெம்ப்ஷன் என்று அதே மாதிரி ஒன்றைச் செய்து 2017-ல் முழுமையாக வெளியிட்டார்கள். அவர்கள் மேல் மரியாதை உண்டு. ஆனால் பெயரும் உரிமையும் உங்களிடம் இருக்கும்போது அந்த வேலையை ரசிகர்கள் தலையில் விட்டுவிட்டு நீங்கள் சும்மா இருக்கலாமா?

ஐ.ஜி.ஐ-யின் கதை எனக்கு இன்னும் நெருக்கமானது.

2000 டிசம்பரில் வந்த விளையாட்டு. நார்வேயைச் சேர்ந்த இன்னர்லூப் ஸ்டுடியோஸ் செய்தார்கள், ஐடோஸ் வெளியிட்டார்கள். அதற்கு முன் அவர்கள் செய்திருந்த போர் விமான விளையாட்டின் இன்ஜினையே (விளையாட்டை இயக்கும் அடிப்படை மென்பொருள்) இதற்கும் பயன்படுத்தியதால்தான் கண்ணுக்கெட்டிய தூரம் வரை திறந்த நிலமும் மலையும் பனியும் கிடைத்தன. மற்ற விளையாட்டுகளில் ஒரு சந்தில் இருந்து இன்னொரு சந்துக்கு ஓடிக்கொண்டிருந்த எங்களுக்கு, ஒரு குன்றின் மேல் படுத்துக்கொண்டு பைனாகுலரில் முகாமைப் பார்த்து, எந்தக் கோபுரத்தில் எவன் நிற்கிறான், கேமரா எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பத்து நிமிடம் யோசித்துவிட்டு இறங்குவது புதிய அனுபவம். மொத்தம் பதினான்கு கட்டம். ஒரு கட்டத்துக்கு நடுவில் சேவ் செய்ய முடியாது, செத்தால் முதலில் இருந்து.

2008-ல் என் பெரியம்மா மகன், அண்ணன், ஒரு செக்கண்ட் ஹேண்ட் சிஸ்டம் வாங்கினான். அந்த வருடம்தான் மின்வெட்டும் தீவிரமாக ஆரம்பித்தது. எந்த நேரம் கரண்ட் போகும் என்று பேப்பரில் போடுவார்கள், ஆனால் அந்த நேரப்படி போகாது. முக்கால் மணி நேரம் ஊர்ந்து ஊர்ந்து போய், அலாரம் அடிக்காமல் கம்பியை வெட்டி, கம்ப்யூட்டரை ஹேக் செய்து, வெளியேறும் இடத்துக்கு இருபதடி இருக்கும்போது மானிட்டர் கறுப்பாகிவிடும். அண்ணன் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து வெளித் திண்ணையில் போய் உட்காருவான். கரண்ட் வந்ததும் மறுபடியும் முதலில் இருந்து. ஒரே கட்டத்தை நாங்கள் பதினோரு நாள் ஆடியிருக்கிறோம். முடித்த அன்று பெரியம்மா எங்களுக்குக் கேசரி கிண்டிக் கொடுத்தார், எதற்கு என்று அவருக்குத் தெரியாது, பையன்கள் இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்களே என்பதற்காக.

அந்த விளையாட்டுக்கு 2003-ல் இரண்டாம் பாகம் வந்தது. பிறகு 2019-ல் ஐ.ஜி.ஐ ஒரிஜின்ஸ் என்று ஒரு முன்கதை வரப்போவதாக அறிவித்தார்கள். அந்தச் செய்தி வந்த நாளில் அண்ணன் துபாயிலிருந்து எனக்குப் போன் செய்து, "டேய், பார்த்தியா?" என்று கேட்டான், பேச்சில் பதினெட்டு வயது இருந்தது. அது இன்றுவரை வெளிவரவில்லை. ஏன் நின்றது என்று காத்திருந்தவர்களுக்கு நேர்முகமாக நான்கு வரி எழுதும் மரியாதையை நாங்கள் எதிர்பார்க்கக் கூடாதா?

பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா விஷயமும் இப்படித்தான். சாண்ட்ஸ் ஆஃப் டைம் ரீமேக்கை 2020 செப்டம்பரில் அறிவித்து 2021 ஜனவரி என்று நாளும் குறித்தார்கள். அதைச் செய்துகொண்டிருந்தது, அதை வெளியிடும் யூபிசாஃப்ட் நிறுவனத்தின் புனே, மும்பை கிளைகள். நம் நாட்டில் உட்கார்ந்து இதைச் செய்கிறார்கள் என்று கடைக்கு வந்த பையன்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். முன்னோட்டம் சரியில்லை என்று விமர்சனம் வந்தது, தேதி தள்ளிப்போனது, 2022 மே மாதம் வேலையை மாண்ட்ரியலுக்கு மாற்றினார்கள். அவசரமாகத் தேதி குறித்து, அந்தக் குழுவுக்குப் போதுமான நேரம் கொடுக்காமல், கடைசியில் அவர்கள் கையிலிருந்து பிடுங்கியதுதான் வெளியிலிருந்து பார்க்கும் எனக்குத் தெரிகிறது.

சரி, செய்யவே முடியாத காரியத்தையா கேட்கிறேன்? இல்லை. உங்களில் சிலரே இதைச் சரியாகச் செய்து காட்டியிருக்கிறீர்கள்.

2020 ஜூனில் வந்த, கமாண்ட் அண்ட் கான்கர் என்ற போர் வியூக விளையாட்டின் ரீமாஸ்டரைப் பாருங்கள். அதை முதலில் செய்த வெஸ்ட்வுட்டில் வேலை செய்தவர்கள் இருக்கும் பெட்ரோகிளிஃப் நிறுவனத்திடமே வேலையைக் கொடுத்தார்கள், ரசிகர்களைக் கூடவே வைத்துக்கொண்டு கருத்துக் கேட்டார்கள். தனியாக விளையாடும்போது ஸ்பேஸ் பாரைத் தட்டினால் புதுப் படம் மறைந்து பழைய படம் வரும், மறுபடி தட்டினால் புதியது. என் கடையில் அதைப் போட்டுக் காட்டும்போதெல்லாம் பார்க்கிறவர்கள் அந்த ஒரு பொத்தானைத்தான் திரும்பத் திரும்பத் தட்டுவார்கள். கூடவே சோர்ஸ் கோடையும் (விளையாட்டை எழுதிய மூல நிரல்) வெளியிட்டார்கள், 2025 பிப்ரவரியில் அதே வரிசையின் ஜெனரல்ஸ் உட்பட இன்னும் சிலவற்றின் கோடும் வந்தது. இதையெல்லாம் செய்த எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ்தான் ரோட் ராஷுக்கும் சொந்தக்காரர்கள் என்பதால்தான் எனக்கு ஆதங்கம் அதிகம்.

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் இரண்டாம் பாகம் 1999-ல் வந்தது. அதன் டெஃபினிட்டிவ் பதிப்பு 2019 நவம்பரில் வந்தபோது, அந்த விளையாட்டின் மேல் உள்ள ஆசையால் சொந்தமாகக் கூடுதல் பாகம் செய்துகொண்டிருந்த ரசிகர்களிடமிருந்து வளர்ந்த ஃபர்காட்டன் எம்பயர்ஸ் குழு அதில் வேலை செய்தது. 2022 ஏப்ரலில் அதே விளையாட்டில் திராவிடர் என்று ஒரு தனி இனம் வந்தது. சுருள்வாள் வீரனுக்கு உருமி என்றே பெயர், கப்பலுக்குத் திரிசடை என்று பெயர், ராஜேந்திர சோழனுக்குத் தனிக் கதையே உண்டு. ஒரு குடியானவனைத் தட்டினால் அவன் தமிழில் பதில் சொல்கிறான். கடையில் முதன்முதலாக அந்தக் குரலைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. இருபது வருடமாக யார் யாரோ மொழியில் பேசிய ஆட்களை வைத்து விளையாடியவன் நான். பழைய விளையாட்டுக்கு உயிர் கொடுப்பது என்றால் இப்படித்தான் கொடுக்க வேண்டும், விளையாட்டின் எலும்பை மாற்றாமல், அதை நேசித்தவர்களையும் உள்ளே சேர்த்துக்கொண்டு.

வால்வ் நிறுவனம் 1998-ன் ஹாஃப் லைஃபுக்கு 25 வருடம் ஆனபோது, 2023 நவம்பரில், அதைப் புதிய சிஸ்டங்களுக்குச் சரிசெய்து பழைய மெனுவையே திரும்பக் கொண்டுவந்தார்கள், முந்தைய பதிப்பும் வேண்டும் என்றால் தேர்ந்தெடுத்துக்கொள்ளும்படி விட்டுவைத்தார்கள். அதற்கு முன்பே ரசிகர்கள் செய்த பிளாக் மீசா ரீமேக்கை விற்க அனுமதித்தார்கள். யாரும் நஷ்டப்பட்டதாகத் தெரியவில்லை.

இன்னொரு பக்கம் என்ன நடந்தது என்பதும் உங்களுக்கே தெரியும். 2020 ஜனவரியில் வார்கிராஃப்ட் 3-ன் புதுப் பதிப்பான ரீஃபோர்ஜ்ட் வந்தபோது பழையதை மட்டும் வைத்திருந்தவர்களின் விளையாட்டும் அதோடு சேர்த்து மாற்றப்பட்டது, பணத்தைத் திருப்பிக் கேட்டு மக்கள் வரிசையில் நின்றார்கள். 2021 நவம்பரில் பழைய ஜி.டி.ஏ விளையாட்டுகள் மூன்றையும் சேர்த்த புதுத் தொகுப்பு வருவதற்கு முன்னாலேயே பழைய மூன்றையும் கடைகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். புதியதில் மழை பெய்தால் சாலையே தெரியவில்லை. கடைசியில் மன்னிப்புக் கேட்டு, பழையதைத் தங்கள் கடையில் திரும்ப வைத்தார்கள். வைஸ் சிட்டியில் காரில் ஏறியதும் வரும் சில பாட்டுகள் உரிமம் முடிந்ததால் இல்லாமல் போயின. பாட்டு போனால் என்ன என்று கேட்காதீர்கள், அந்த ரேடியோ இல்லாமல் அந்த ஊரே இல்லை.

ரீமேக் என்றாலே படத்தை மெருகேற்றுவது என்று உங்களில் பலர் நினைப்பதுதான் அடிப்படைத் தவறு என்று எனக்குப் படுகிறது. எங்கள் நினைவில் இருப்பது படம் மட்டுமில்லை. ரோட் ராஷில் பைக் சரியும்போது ஏற்படும் அந்த எடை, உதைத்தால் எதிராளி வண்டியோடு சாலையோரம் சறுக்கும் வேகம், விழுந்த பின் வண்டியை நோக்கி ஓடிவரும் அந்த நீளமான சில வினாடிகள், இவைதான் விளையாட்டு. இதைக் கெடுக்காமல் படத்தை எவ்வளவு வேண்டுமானாலும் அழகாக்குங்கள். எதையும் தொடக் கூடாது என்றும் நான் சொல்லவில்லை. ஐ.ஜி.ஐ-யில் நடுவில் சேவ் செய்யும் வசதி இருந்திருந்தால் அண்ணன் திண்ணையில் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்க மாட்டான். அதைச் சேருங்கள், ஆனால் பழைய மாதிரியே ஆட விரும்புகிறவன் அதை ஆஃப் செய்துகொள்ள ஒரு வழி இருக்கட்டும்.

இன்னொன்று, இது என் தொழில் சம்பந்தப்பட்டது. தமிழ்நாடு அரசு 2011-ல் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்தது. அந்த லேப்டாப்புகள் இன்றும் என் கடைக்கு வருகின்றன, கீபோர்டில் இரண்டு எழுத்து போயிருக்கும், பேட்டரி செத்திருக்கும், அக்கா படித்து முடித்து இப்போது தம்பி கையில் இருக்கும். ஹார்ட் டிஸ்க்கை மாற்றி விண்டோஸ் போட்டுக் கொடுக்கும்போது அந்தத் தம்பி தயங்கித் தயங்கிக் கேட்பான், "அண்ணா, இதுல ஐ.ஜி.ஐ ஓடுமா?" பென்னாகரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பத்தாம் வகுப்புப் பையன், அவன் பிறப்பதற்கு எவ்வளவோ முன்னால் வந்த விளையாட்டைக் கேட்கிறான், ஏனென்றால் அவன் மாமா அதைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அந்த லேப்டாப்பில் பழைய ஐ.ஜி.ஐ நன்றாகவே ஓடும். நீங்கள் வெளியிடும் ரீமேக் அதில் திறக்கவே திறக்காது. புதியதை வெளியிட்டுப் பழையதை எடுத்துவிடும்போது உங்களுக்கு அது ஒரு பொருளை மாற்றி இன்னொரு பொருள் வைப்பது. எங்கள் ஊரில் அது அந்தப் பையனுக்குக் கதவை மூடுவது.

வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023 ஜூலையில் ஓர் ஆய்வு வெளியிட்டது. 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான விளையாட்டுகளில் 87 சதவீதத்தை இன்று கடையில் வாங்க முடியாது என்பது அதன் முடிவு. அமெரிக்காவிலேயே அந்த நிலை என்றால் எங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சோர்ஸ் கோடைக்கூட நிறுவனங்கள் பத்திரமாக வைப்பதில்லை. சைலண்ட் ஹில் விளையாட்டுகளின் தொகுப்பை 2012-ல் மறுபடி வெளியிடும்போது, இறுதிக் கோடு கையில் இல்லாமல் அரைகுறைக் கோடை வைத்துச் செய்ய வேண்டியதாகி, அது எவ்வளவு மோசமாக வந்தது என்று எல்லோரும் பார்த்தோம். அதே வருடம், பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவை உருவாக்கிய ஜோர்டன் மெக்னரின் அப்பா வீட்டில் ஒரு பெட்டியைத் தேடி எடுத்ததால் 1989-ன் முதல் பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவின் கோடு பிழைத்தது, அதை அவர் எல்லோருக்கும் திறந்தும் வைத்தார். ஒரு அப்பா பழைய பெட்டியைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தார் என்பதை நம்பியா இத்தனை பெரிய நிறுவனங்கள் இருக்க வேண்டும்?

ஆகவே இவற்றைக் கேட்கிறேன். பழைய விளையாட்டின் புதுப் பதிப்பை வெளியிடும்போது பழையதை விற்பனையிலிருந்து எடுக்காதீர்கள், ஏற்கனவே வாங்கியவனின் சிஸ்டத்தில் அதைத் தொடாதீர்கள். லேனில் விளையாட முடிந்த விளையாட்டில் அந்த வசதியை அப்படியே வையுங்கள், நெட் இல்லாமலும் திறக்கட்டும். சர்வரை மூடும் நாள் வந்தால் நாங்களே நடத்திக்கொள்ள வேண்டிய மென்பொருளைக் கொடுத்துவிட்டு மூடுங்கள். ஐரோப்பாவில் இதே கோரிக்கைக்கு 2025 ஜூலைக்குள் 10 லட்சம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள், எங்கள் கையெழுத்தை அங்கே சேர்க்க முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன். குறைந்த சக்தியுள்ள சிஸ்டத்தில் ஓடும் ஓர் அமைப்பை ஒவ்வொரு ரீமேக்கிலும் வையுங்கள், விலையை எங்கள் ஊர்ச் சம்பளத்தைப் பார்த்துப் போடுங்கள். இனி நீங்களே செய்யப்போவதில்லை என்று முடிவெடுத்த விளையாட்டின் கோடை வெளியிடுங்கள், செய்வதற்கு ஆட்கள் இருக்கிறார்கள்.

ரோட் ராஷின் உரிமையாளர்களிடம் தனியாக ஒன்று. ரீமேக்குக்கு எத்தனை வருடம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் 1996-ன் பதிப்பை, இன்றைய விண்டோஸில் ஓடும்படி, வெட்டாமல், பாட்டோடும் வீடியோவோடும் இந்த வருடமே விற்பனைக்கு வையுங்கள். ஐ.ஜி.ஐ-யின் உரிமை இப்போது யாரிடம் இருக்கிறதோ அவர்கள், ஒரிஜின்ஸ் என்ன ஆனது, இனி யாராவது அதைத் தொடுவார்களா என்று வெளிப்படையாக ஓர் அறிக்கை கொடுங்கள்.

அடுத்த ரீமேக் எது என்று முடிவு செய்வதற்கு முன் இந்தியாவின் சின்ன ஊர்களிலும் ஒருமுறை கேளுங்கள். பழைய விற்பனை ஏட்டில் நாங்கள் கிடைக்க மாட்டோம். சோதித்துப் பார்க்க ஆள் வேண்டுமென்றால் இந்தக் கடையில் நான்கு சிஸ்டமும் ஒரு ஸ்விட்சும் இருக்கின்றன, அன்று ஏமாந்து திரும்பிய மூன்று பேரும் ஞாயிற்றுக்கிழமைகளில் வரத் தயார் என்று சொல்லியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
காவேரிப்பட்டினத்தில் வளர்ந்து, தருமபுரியில் சர்வீஸ் கடை வைத்திருக்கும் ஒருவன்